தொண்டையைத் திறந்து வைத்திருப்பது எது?

1956இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், பர்வெல் என்பவரின் தலைமையில், ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். ஐம்பது வயதைக் கடந்த, மிகப் பருமனான வணிக நிர்வாகி அவர்; சீட்டாட்டப் பிரியர். ஒருநாள் போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவுமாக அருமையான சீட்டுகள் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் பிடித்தபடியே அவர் தூங்கிப்போனார், வாய்ப்பு கைநழுவியது. சில நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தார். சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் எந்நேரமும் தூங்கி விழும் ஜோ என்ற குண்டுப் பையன் வருவான். அவனை நினைத்து இந்த நோய்க்குப் பிக்விக் நோய்க்குறி என்று பெயர் வைத்தார்கள். உடல் பருமனால் மூச்சு குறைந்து, கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி, அதுவே மூளையை மயக்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பகலில் ஒருவர் ஏன் தூங்கி விழுகிறார் என்று அறிய, இரவு முழுவதும் அவர் விடும் மூச்சைக் கருவி வைத்துப் பதிவுசெய்யும் வழக்கம் அன்றைய மருத்துவத்தில் இல்லை.

அந்தப் பதிவு 1965இல் நடந்தது. அதுவும் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில், தனித்தனியாக. பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோவின் குழுவினரும், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் யுங், கூலோ ஆகிய இருவரும் இத்தகைய நோயாளிகளைத் தூங்கவிட்டு, மூளையின் மின்னலைகளையும் மூச்சையும் சேர்த்துப் பதிவுசெய்தார்கள். கண்ணயர்ந்த சற்று நேரத்தில் மூச்சு நின்றது. சில வினாடிகளில் மின்னலைகள் விழிப்பைக் காட்டின. பலத்த குறட்டையோடு மூச்சு திரும்பியது. மறுபடி தூக்கம், மறுபடி நிறுத்தம். இரவெல்லாம் இதே சுற்று. பகலில் தூங்கி விழுந்தவர்கள் இரவில் சரியாகத் தூங்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லும் தூக்க மூச்சுத்தடை இதுதான். இந்த அத்தியாயம் நிறுவ விரும்புவது ஒன்றே: நம் தொண்டையைத் திறந்து வைத்திருப்பதில் பெரும்பங்கு நம் விழிப்புக்கு உண்டு. விழிப்பு விலகும்போது அந்தக் குழாய் சிலருக்குக் கொஞ்சம் தளர்கிறது, சிலருக்கு முழுக்க மூடிக்கொள்கிறது. முன்னது குறட்டை, பின்னது மூச்சுத்தடை. இதைப் புரிந்துகொண்டால், நோயை ஏன் பகலில் கண்டுபிடிக்க முடிவதில்லை, சத்தத்தைக் குறைப்பது ஏன் சிகிச்சை ஆகாது, ஒருவருக்குப் பலித்த வைத்தியம் இன்னொருவருக்கு ஏன் பலிப்பதில்லை என்பதெல்லாம் தாமாகவே தெளியும்.

மூச்சுப் பாதையின் மற்ற பகுதிகளுக்குக் கெட்டியான சுவர் இருக்கிறது. மூக்கை எலும்பும் குருத்தெலும்பும் தாங்குகின்றன. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் விறைப்பாக வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில், மென்னண்ணத்திலிருந்து குரல்வளை வரையுள்ள சில அங்குலத் தொண்டைக்கு மட்டும் அப்படி ஒரு சட்டகம் கிடையாது. அதன் முன்சுவர் நாக்கு. மேலே உள்நாக்கும் மென்னண்ணமும். பக்கங்களில் தசையும் டான்சில்களும். நாக்கின் அடியில் இருக்கும் ஹையாய்டு எலும்புகூட வேறெந்த எலும்போடும் மூட்டாகப் பொருந்தாமல், தசைகளிலும் நார்களிலும் தொங்குகிறது. இது படைப்பின் குறை என்று சொல்லிவிட முடியாது. விழுங்கவும் பேசவும் இந்தப் பாதை நொடிக்கு நொடி வடிவம் மாற வேண்டும். விறைப்பான குழாயால் அது நடக்காது. அந்த நெகிழ்வுக்குக் கொடுக்கும் விலை, மூச்சை உள்ளே இழுக்கும்போது தெரிகிறது. நெஞ்சு விரியும்போது தொண்டைக்குள் அழுத்தம் குறைகிறது; சுவர்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. ஊறி நைந்த காகித உறிஞ்சுகுழலில் பானத்தைப் பலமாக இழுத்தால் குழல் ஒட்டிக்கொள்ளுமே, அதே விதிதான். பாதை குறுகக் குறுக அதே அளவு காற்று வேகமாகப் பாய வேண்டியிருக்கிறது. தளர்ந்த அண்ணமும் உள்நாக்கும் அந்தப் பாய்ச்சலில் படபடக்கும் ஓசையே குறட்டை. இன்னும் குறுகினால் ஓசை அடங்கி, மூச்சும் அடங்குகிறது.

பகலில் ஏன் இப்படி நேர்வதில்லை? தாடையின் உட்புறத்திலிருந்து நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசை ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும், நெஞ்சு விரிவதற்குச் சற்று முன்பாகவே அது இறுகி வழிவிடுகிறது. 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெசனாட்டியும் ஒயிட்டும் இந்தத் தசையின் மின்செயல்பாட்டை அளந்தார்கள். மூச்சுத்தடை உள்ளவர்கள் விழித்திருக்கும்போது, மற்றவர்களைவிட அவர்களுடைய நாக்குத் தசை கூடுதலாக வேலை செய்துகொண்டிருந்தது. குறுகலான தொண்டையை அந்தக் கூடுதல் உழைப்பால் நாளெல்லாம் ஈடுகட்டுகிறார்கள். தூங்கியதும் அந்த ஈடு போய்விடுகிறது. அப்படியானால் தசையை நீக்கிவிட்டு வெறும் குழாயை மட்டும் ஒப்பிட்டால் என்ன தெரியும்? 1997இல் ஜப்பானிய மருத்துவர் இசோனோவின் குழு அதையே செய்தது. மயக்கம் கொடுத்து, தசைகளையும் முழுக்கச் செயலிழக்க வைத்து, தொண்டை எந்த அழுத்தத்தில் மூடுகிறது என்று அளந்தார்கள். நோயில்லாதவர்களின் தொண்டையை மூட வைக்க உள்ளிருந்து காற்றை உறிஞ்ச வேண்டியிருந்தது. நோயாளிகளின் தொண்டையோ, உறிஞ்சாமலேயே மூடியது. திறந்திருக்கவே காற்றழுத்தம் தர வேண்டியிருந்தது. இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து ஒரு முழுமையான விடையைத் தருகின்றன. நோயின் வேர் குழாயின் அமைப்பில் இருக்கிறது. அதைப் பகலில் மறைத்து வைப்பது விழிப்பு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுபவரிடம் மருத்துவர் இந்த நோயைப் பார்க்க முடியாததற்குக் காரணம், அவர் பார்க்கும் நேரத்தில் நோய் நடந்துகொண்டிருக்கவில்லை என்பதுதான்.

அது நடக்கும் நேரத்தில் உடல் படும் பாடு பெரிது. மூச்சு பத்து வினாடியாவது நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறார்கள். பலருக்கு அரை நிமிடத்தையும் தாண்டும். மூடிய வாயிலுக்கு எதிராக நெஞ்சு வீணாக இழுத்துக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் சரியும். மூளை ஆபத்தை உணர்ந்து, தூங்குபவரைச் சில வினாடிகள் மட்டும் விழிப்பின் விளிம்புக்குக் கொண்டுவரும்; தசை இறுகும், பாதை திறக்கும். காலையில் அவருக்கு இதில் ஒன்றும் நினைவிருக்காது. ஒவ்வொரு எழுப்பலின்போதும் அட்ரினலின் பாய்ந்து ரத்த அழுத்தம் எகிறுகிறது. நெஞ்சுக்குள் மாறி மாறி விழும் இழுப்பு இதய அறைகளை விரிக்க, உடலில் நீர் மிகுந்துவிட்டதாக இதயம் எண்ணி, சிறுநீரை வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது. இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிப்பதும் இந்நோயின் அறிகுறி ஆவது அதனால்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த நீண்டகால ஆய்வு, இரவு எழுப்பல்கள் பகலிலும் தங்கிவிடுகின்றன என்று காட்டியது. மணிக்கு 15 தடைகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, நான்கு ஆண்டுகளில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, தடையே இல்லாதவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஸ்பெயினில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு விபத்து நேரும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் மேல் இருந்தது.

குழாய் மூடுவதுதான் நோய் என்ற விளக்கத்துக்கு மிக வலுவான சான்று, சிகிச்சைகளிடமிருந்தே கிடைத்தது. 1969இல் கூலோவின் குழுவினர், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயை நேரே வெளியே திறந்துவிட்டார்கள். காற்று தொண்டையைத் தொடாமல் நுரையீரலுக்குப் போனது. பகல் தூக்கம் மறைந்தது. நோயாளியின் எடையோ மூளையோ மாறவில்லை. தொண்டையைச் சுற்றிச் சென்றதே போதுமாக இருந்தது. ஆனால் அறிகுறி முற்றியவர்களைத் தவிர வேறு யாரிடமும் கழுத்தைத் துளைக்கச் சம்மதமா என்று கேட்க முடியாது. 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன், அந்த அறுவைக்குப் பயந்த ஒரு நோயாளியிடம் வேறொரு வழியை முயன்றார். மூக்கில் பொருத்திய முகமூடி வழியே, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை மெல்ல ஊதினார். அழுத்தத்தைக் கூட்டியதும் மூச்சுத்தடை நின்றது. குறைத்ததும் திரும்பி வந்தது. கூட்டக் கூட்ட மறுபடி மறைந்தது. விசையைத் திருப்பி நோயை வரவழைக்கவும் போக்கவும் முடிந்தால் காரணத்தைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். 1981இல் லான்செட் இதழில் வெளிவந்த ஐந்து நோயாளிகளின் முடிவுகளில், தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு. வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். இன்று சீபாப் என்று அறியப்படும் கருவி செய்வது அவ்வளவுதான். மருந்து எதையும் செலுத்தாமல், தூங்கும் தசை கைவிட்ட வேலையைக் காற்று எடுத்துக்கொள்கிறது.

அதே 1981இல் அமெரிக்காவில் ஃபுஜிடா என்ற அறுவை மருத்துவர், உள்நாக்கையும் மென்னண்ணத்தின் விளிம்பையும் நீக்கித் தொண்டையை அகலப்படுத்தும் முறையை அறிமுகம் செய்தார். படபடப்பது அண்ணம்தானே, அதை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலரும் நம்பினார்கள். குறட்டை பலருக்குக் குறைந்தது. ஆனால் மூச்சுத்தடை அறுவைக்குப் பின் கணிசமாகக் குறைந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. ஓசை எழும் இடமும் குழாய் மூடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தத் தோல்வி கற்றுத்தந்தது. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து அடைப்பவருக்கு அண்ணத்தை வெட்டினால், ஓசை போய் அடைப்பு மட்டும் மிஞ்சும். அது முன்பிருந்ததைவிடப் பெரிய இடர். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இதுவரை கிடைத்துவந்த ஒரே எச்சரிக்கையும் இனி கிடைக்காது. கடைகளிலும் இணையத்திலும் விற்கும் குறட்டை நிவாரணிகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. மூக்கு ஒட்டுப்பட்டையோ வாயில் தெளிக்கும் மருந்தோ சத்தத்தைக் குறைத்தது என்பது, மூச்சு ஒழுங்காக ஓடுகிறது என்பதற்குச் சான்றாகாது.

மற்ற சிகிச்சைகளையும் இந்த விளக்கத்தின் வெளிச்சத்தில் பார்த்தால், ஒவ்வொன்றும் குழாயின் ஒவ்வொரு பலவீனத்தைக் குறிவைப்பது தெரியும். கீழ்த்தாடையை முன்னுக்கு நகர்த்திப் பிடிக்கும் பல் கருவி, அதோடு நாக்கையும் முன்னே கொண்டுவருகிறது. மிதமான நோய்க்கு அது சீபாபுக்கு நல்ல மாற்று. மல்லாந்து படுக்கையில் நாக்கு தன் எடையிலேயே பின்னால் விழுவதால், சிலருக்கு ஒருக்களித்துப் படுப்பதே பாதி வைத்தியம். மதுவும் பல தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்துகின்றன. நோய் இருப்பது தெரியாமல் தூக்கமின்மைக்கு மாத்திரை கேட்பவர் தீயில் எண்ணெய் விடுகிறார். 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருவி ஒன்று, மார்பின் தோலுக்கடியில் பொருத்தப்பட்டு, மூச்சுக்கு மூச்சு நாக்கின் நரம்பைத் தூண்டுகிறது. சோதனையில் அது மூச்சுத்தடையின் எண்ணிக்கையை ஓராண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. உடல் எடையும் தொண்டை வழியேதான் வினையாற்றுகிறது. பருமனானவர்களின் நாக்குக்குள்ளேயே கொழுப்பு சேர்வதை எம்ஆர்ஐ படங்கள் காட்டின. எடை குறைந்தபோது மூச்சுத்தடை எவ்வளவு குறைந்தது என்பது, நாக்கிலிருந்து எவ்வளவு கொழுப்பு கரைந்தது என்பதோடு ஒத்துப்போனது. 2024 டிசம்பரில், பருமனான மூச்சுத்தடை நோயாளிகளுக்காக டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்றது. இந்நோய்க்கென அனுமதி பெற்ற முதல் மருந்து, தொண்டைக்கான மருந்தாக இல்லாமல் எடைக்கான மருந்தாக அமைந்ததில் வியப்பில்லை.

அப்படியானால் எடையைக் குறைத்தால் போதுமே, ஒல்லியானவர்களுக்கு இந்த நோய் எதற்கு வரப்போகிறது என்று கேட்கலாம். குழாயின் அகலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பு மட்டும் இல்லை. அதைச் சுற்றியுள்ள எலும்புக் கூடும்தான். கீழ்த்தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ இருந்தால், சாதாரண அளவு நாக்குக்கே இடம் போதாது. கிழக்காசிய மக்களிடம் பருமன் குறைவாக இருந்தும் மூச்சுத்தடை மேலைநாடுகளுக்கு இணையாகக் காணப்படுவதற்கு முக அமைப்பு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. மும்பையில் நடுத்தர வயது ஆண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் 19.5 சதவீதத்தினருக்கு மூச்சுத்தடை இருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 சதவீதம். பெண்களுக்கு வராது என்பதும் சரியில்லை. மாதவிடாய் நின்றபின் அவர்களிடம் நோய் தெளிவாகக் கூடுகிறது. ஆனால் பல பெண்கள் குறட்டையைச் சொல்வதில்லை. சோர்வு, தூக்கமின்மை, காலைத் தலைவலி என்று சொல்லி வருகிறார்கள். அதற்கு வேறு வைத்தியம் நடக்கிறது. குழந்தைகளில் அடைப்பது பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும். அவர்கள் தூங்கி விழுவதைவிட, அடங்காமல் துறுதுறுப்பதும் கவனம் சிதறுவதுமாகவே நோயைக் காட்டுகிறார்கள். ஐந்து முதல் ஒன்பது வயதுவரையான குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், டான்சிலை நீக்கியவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பதிவு இயல்பானது. பொறுத்திருந்து பார்த்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்கு அப்படி ஆனது. எந்தக் குழந்தைக்கு அவசரமாகக் கத்தி, எந்தக் குழந்தைக்குப் பொறுமை என்பதைத் தீர்மானிப்பதும் பதிவும் அறிகுறியும் சேர்ந்துதான்.

கடினமான ஆட்சேபம் வேறு. ஊரில் பாதிப் பேர் குறட்டை விடுகிறார்கள். இதையெல்லாம் நோயாக்குவது கருவி விற்பவர்களுக்குத்தானே லாபம்? இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. 1993இல் விஸ்கான்சின் ஆய்வு, 30 முதல் 60 வயதுள்ள ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 9 சதவீதத்தினருக்கும் மணிக்கு ஐந்து தடைக்கு மேல் இருப்பதாகச் சொன்னது. ஆனால் பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் ஆண்களில் 4 சதவீதமும் பெண்களில் 2 சதவீதமும் மட்டுமே. 2015இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், இன்னும் நுட்பமான உணரிகளால் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை அளந்தபோது, ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மணிக்கு 15 தடை என்ற கோட்டையே தாண்டினார்கள். நகரின் ஆண்களில் பாதிப் பேரை நோயாளி ஆக்கும் கோடு, நோயின் எல்லையைக் காட்டவில்லை. கருவியின் கூர்மையைத்தான் காட்டுகிறது. எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது என்ற வாதத்தை ஏற்கத்தான் வேண்டும். அதனால் நோய் பொய்யாகிவிடாது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இதே எல்லைச் சிக்கல் உண்டு. தொண்டை தளர்வது எல்லோருக்கும் பொதுவான உடலியல். அது தூக்கத்தைச் சிதைத்து, ஆக்சிஜனைச் சரித்து, பகலைப் பாழாக்கும் அளவுக்குப் போவது நோய். மணிக்கு எட்டுத் தடையோடு நன்றாக எழுந்து நடமாடுபவருக்கு முகமூடி தேவையில்லை. அதே எட்டோடு ஓட்டுநர் இருக்கையில் கண் சொருகுபவரை அப்படி விட்டுவிட முடியாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது, ஏனெனில் அது சோதனையிலிருந்தே வருகிறது. ஸ்பெயின் ஆண்களிடம் நடந்து 2005இல் லான்செட்டில் வெளியான ஆய்வு, கடுமையான நோய்க்கு சீபாப் பயன்படுத்தியவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு என்றது. ஆனால் 2016இல், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தநாள நோயோ உள்ள 2,717 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த சேவ் என்ற ஆய்வில், சீபாபால் அந்த நிகழ்வுகள் குறையவில்லை. விளக்கம் தவறு என்பதா? அந்தப் பங்கேற்பாளர்கள் கருவியை இரவுக்குச் சராசரியாக 3.3 மணிநேரமே அணிந்தார்கள். கனவுத் தூக்கம் பெரும்பாலும் விடியற்காலைப் பகுதியில்தான் வருகிறது; தசைகள் மிகவும் தளர்ந்து, தடை நீளும் நேரமும் அதுவே. கருவி அந்த நேரத்தில் பெரும்பாலும் மேசை மீது இருந்திருக்கக்கூடும். கடும் பகல் தூக்கம் உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவும் இல்லை. ஆனாலும் இந்த விளக்கத்தோடு திருப்தி அடைந்துவிடுவது நேர்மை ஆகாது. முந்தைய ஆய்வில் கருவியை ஒழுங்காக அணிந்தவர்கள், மாத்திரையும் உணவும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்களாகவே இருந்திருக்கக்கூடும். எனவே, பகலில் தொல்லை ஏதும் இல்லாதவரிடம், இதயத்தைக் காக்கும் என்று உறுதி சொல்லி சீபாபை விற்பதற்கு இன்றைய சான்று இடம் தரவில்லை. பகல் தூக்கம், மனநிலை, அன்றாட வாழ்வின் தரம் ஆகியவற்றை அது மேம்படுத்தும் என்பதை சேவ் ஆய்வே உறுதிசெய்தது. பலன் எதில் உறுதி, எதில் இல்லை என்று பிரித்துச் சொல்லும் மருத்துவரை நோயாளி நம்புவார்; கருவியைத் தூக்கிப் போடாமல் அணியவும் செய்வார்.

இவ்வளவும் சேர்ந்து தரும் நடைமுறை முடிவு எளிது. குறட்டையோடு மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருந்தால், பகல் தூக்கமோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால், தூங்கும்போது அளப்பதே முதல் வேலை. இப்போது வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் சிறு கருவிகளாலும் பலருக்கு அது முடிகிறது. அடுத்தது, இந்த ஒருவருக்குக் குழாய் எங்கே மூடுகிறது, எதனால் மூடுகிறது என்று கேட்பது: அண்ணமா, அடிநாக்கா, டான்சிலா, தாடையா, எடையா, படுக்கும் வாகா, குடிக்கும் மதுவா? விடைக்கேற்ப வைத்தியம் மாறும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டது தேவைப்படும். மூன்றாவது வேலையைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும், அறுவையோ பல் கருவியோ எடைக் குறைப்போ, சில மாதங்கள் கழித்து மறுபடி தூக்கத்தில் அளக்க வேண்டும். வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது என்ற சாட்சி அதற்கு ஈடாகாது. நோய் இருந்ததை நோயாளியால் தானாக அறிய முடியவில்லை என்றால், அது போய்விட்டதையும் அவரால் தானாக அறிய முடியாது.